ஒளியின் மறுபாதி – 9: தகடு போய் எண்கள் வந்தன

1947 ஈஸ்டர் விடுமுறை. இங்கிலாந்தின் ரக்பி நகரில் டென்னிஸ் ஆடத் தன் முறைக்காகக் காத்திருந்தபோதுதான் ஹங்கேரியில் பிறந்த பொறியாளர் டென்னிஸ் கேபருக்கு அந்த யோசனை பிறந்தது. எலக்ட்ரான் நுண்ணோக்கியின் லென்ஸில் உள்ள பிழையைக் களைய வழியில்லையா? பிழையான படத்தையே எடுப்போம். ஆனால் அலையைப் பற்றிய எல்லாத் தகவலும் அதில் இருக்கட்டும். பிழையைப் பிறகு ஒளியைக் கொண்டு திருத்திக்கொள்வோம்.

யோசனை பெரிது, கையில் இருந்த விளக்கோ சிறிது. பாதரச விளக்கையும் 3 மைக்ரான் துளையையும் வைத்துக்கொண்டு கேபரும் உதவியாளர் ஐவர் வில்லியம்ஸும் எடுத்த படங்களில், வேண்டிய உருவத்தின் மேலேயே அதன் இரட்டைப் பிம்பமும் வந்து படிந்து கலக்கியது. எலக்ட்ரான்களைக் கொண்டு ஆல்டர்மாஸ்டன் ஆய்வகத்தில் நடந்த முயற்சியும் 1950-களின் முற்பகுதியிலேயே ஓய்ந்தது.

பிறகு மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் எம்மெட் லீத்தும் யூரிஸ் உபாட்னியக்ஸும் பொருளைத் தொடாமல் வரும் ஒப்பீட்டுக் கற்றையைச் சாய்வாக அனுப்பி, இரட்டைப் பிம்பத்தை ஒதுக்குப்புறமாகத் தள்ளினார்கள். லேசரும் வந்து சேர்ந்தது. 1964-இல் வாஷிங்டன் மாநாட்டில் ஒரு பொம்மை ரயிலின் ஹாலோகிராமைப் பார்க்க விஞ்ஞானிகள் வரிசையில் நின்றார்கள். 1971-இல் கேபருக்கு நோபல் பரிசு. சென்ற வாரம் அங்கே நிறுத்தியிருந்தோம்.

அந்தக் கைத்தட்டலில் ஒரு விஷயம் அமுங்கிப்போயிற்று. கேபர் ஆசைப்பட்டது நுண்ணோக்கிக்கு. உலகம் கொண்டாடியது பொம்மை ரயிலை.

நுண்ணோக்கி எப்போது திரும்பி வந்தது? அதற்கு ஏன் அரை நூற்றாண்டு ஆயிற்று?

●

முதலில் ஒரு செல்லை அருகில் போய்ப் பார்த்துவிடுவோம். இந்த வாரக் கதை முழுவதும் அதைச் சுற்றித்தான்.

உயிருள்ள ஒரு செல், வளர்ப்புக் கரைசலில், கண்ணாடித் தட்டின் மேல் ஒட்டிக்கிடக்கிறது. சாதாரண நுண்ணோக்கியில் வைத்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஒளி அதற்குள் நுழைந்து, ஏறக்குறைய அதே வெளிச்சத்தோடு மறுபக்கம் வந்துவிடுகிறது. சாயம் ஊற்றினால் தெரியும். ஆனால் பெரும்பாலான சாயங்கள் செல்லைக் கொன்றுவிடும், அல்லது அதன் இயல்பை மாற்றிவிடும்.

ஆனாலும் உள்ளே போன ஒளி சும்மா வரவில்லை. செல்லுக்குள் புரதமும் கொழுப்பும் உப்பும் நிறைந்திருக்கின்றன. அதில் ஒளியின் வேகம் வெளியே இருக்கும் நீரைவிடக் கொஞ்சம் குறைகிறது. எனவே செல் வழியாக வந்த அலை, பக்கத்து நீர் வழியாக வந்த அலையைவிடச் சற்றே பிந்தி வெளியே வருகிறது.

எவ்வளவு பிந்தி? நீங்களே கணக்குப் போடலாம். செல்லின் தடிமன் 5 மைக்ரான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் ஒளிவிலகல் எண் 1.38. சுற்றியுள்ள கரைசலுக்கு 1.34. வித்தியாசம் 0.04. ஐந்தை அதனால் பெருக்கினால் 0.2 மைக்ரான், அதாவது 200 நானோமீட்டர். சிவப்பு லேசரின் அலைநீளம் 633 நானோமீட்டர். ஆக, செல் வழியே வந்த அலை மூன்றில் ஒரு பங்கு அலைநீளம் பின்தங்கியிருக்கிறது.

செல்லைப் பற்றிய செய்தி அத்தனையும் அந்தத் தாமதத்தில்தான் இருக்கிறது. இயற்பியலில் அதைக் கட்டம் என்பார்கள். அலை எவ்வளவு உயரம் எழுகிறது என்பது வீச்சு. முந்தி எழுகிறதா பிந்தி எழுகிறதா என்பது கட்டம். கண்ணும் ஃபிலிமும் காமிராவும் வீச்சை மட்டுமே அறியும். மிருதங்கத்தில் ஒவ்வோர் அடியும் எத்தனை பலமாக விழுந்தது என்று குறித்துக்கொண்டு, தாளத்தில் எந்த இடத்தில் விழுந்தது என்பதை விட்டுவிட்டது போன்ற பதிவு அது.

1930-களில் டச்சு இயற்பியலாளர் ஃபிரிட்ஸ் செர்னிக்கே ஒரு தந்திரம் செய்து, தாமதத்தை வெளிச்ச வேறுபாடாக மாற்றிக் காட்டினார். உயிரியலாளர்கள் உயிருள்ள செல்லைச் சாயமின்றிப் பார்த்தது அதனால்தான். 1953-இல் அவருக்கு நோபல் கிடைத்தது. முழுத் தகுதியுள்ள பரிசு. ஆனால் செர்னிக்கேயின் கருவி, எங்கே தாமதம் என்று காட்டியதே தவிர, எத்தனை நானோமீட்டர் என்று சொல்லவில்லை. விளிம்பைச் சுற்றி ஓர் ஒளிவட்டம் வேறு வந்து கணக்கைக் கெடுத்தது.

ஹாலோகிராம் வந்தபோது இந்தக் கவலை தீர்ந்திருக்க வேண்டுமே? பொருளிலிருந்து வரும் அலையோடு ஒப்பீட்டுக் கற்றையை மோதவிட்டு, பட்டை பட்டையாக விழும் குறுக்கீட்டை அது புகைப்படத் தகட்டில் பதிவு செய்கிறது. கட்டம் அந்தப் பட்டைகளின் இடப்பெயர்ச்சியில் பத்திரமாக இருக்கிறது.

பத்திரமாகத்தான் இருந்தது. எடுக்கத்தான் முடியவில்லை.

தகட்டின் மேல் லேசரைப் பாய்ச்சினால் மூல அலை, வீச்சும் கட்டமும் சேர்ந்து, அப்படியே எழுந்து வரும். அதை எதைக் கொண்டு பார்ப்பது? கண்ணால், அல்லது காமிராவால். இரண்டுமே கட்டம் தெரியாதவை. தகடு சேமித்துக் கொடுத்ததைப் பார்க்கிற கண் மறுபடி தொலைத்துவிட்டது. இரண்டு ஹாலோகிராம்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்து, விழும் பட்டைகளை எண்ணும் வழி இருந்தது. விமானச் சக்கரத்தின் டயரில் குறை தேட அது போதும். ஒரு செல்லின் மேல் ஒரு பட்டைகூட முழுதாக விழாது.

நுண்ணோக்கி பின்தங்கியதற்கு லேசரையோ லென்ஸையோ குறை சொல்லிப் பயனில்லை. தகடுதான் தடை என்பது என் முடிவு. அலை எண்ணாக மாறும்வரை கேபரின் கனவு கனவாகவே இருந்தாக வேண்டும்.

●

1967. கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம்.

ஜோசப் குட்மனும் ஆர். டபிள்யூ. லாரன்ஸும் ஒரு ஹாலோகிராம் எடுக்கிறார்கள். லேசர் இருக்கிறது, பொருள் இருக்கிறது, ஒப்பீட்டுக் கற்றை இருக்கிறது. தகடு மட்டும் இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு விடிகான் குழாய். அன்றைய தொலைக்காட்சிக் காமிராக்களுக்குள் இருந்த அதே சாதனம்.

குழாயிலிருந்து வந்த மின்சைகையை 256 வரிகளாகவும், வரிக்கு 256 புள்ளிகளாகவும் வெட்டினார்கள். மொத்தம் 65,536 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சத்துக்கும் கறுப்பிலிருந்து வெள்ளை வரை வெறும் 8 படிகள். இன்றைக்கு மிக மலிவான கைப்பேசிக் காமிராகூட இதைவிடப் பல மடங்கு நுட்பமாகப் பதியும்.

அந்த எண்களைப் பி.டி.பி-6 என்ற கணினியிடம் கொடுத்தார்கள்.

இருட்டறை இல்லை. ரசாயனக் குளியல் இல்லை. பிம்பத்தை எழுப்ப இரண்டாவது முறை லேசர் பாய்ச்சும் வேலையும் இல்லை. ஒளி வெளியில் பரவி ஒன்றுகூடிப் பிம்பமாகும் அந்தப் பயணம் முழுவதையும் கணினி கணக்காகவே நடத்திக் காட்டியது.

இதற்கு இரண்டே ஆண்டுகளுக்கு முன், 1965-இல், ஜேம்ஸ் கூலியும் ஜான் டூக்கியும் விரைவு ஃபூரியர் உருமாற்றம் என்ற கணக்கு முறையை வெளியிட்டிருந்தார்கள். அது இல்லாவிட்டால் இந்தச் சோதனைக்கு யாரும் துணிந்திருக்க மாட்டார்கள். 65,536 புள்ளிகளுக்குப் பழைய வழியில் ஃபூரியர் கணக்குப் போட ஏறத்தாழ 430 கோடிப் பெருக்கல்கள் வேண்டும். புதிய வழியில் சுமார் 10 லட்சம் போதும். பி.டி.பி-6 எடுத்துக்கொண்ட நேரம் சுமார் 5 நிமிடம். பழைய வழியில் போயிருந்தால் அதே இயந்திரம் இரவு பகலாக இரண்டு வாரம் ஓட வேண்டியிருந்திருக்கும்.

குட்மனும் லாரன்ஸும் இன்னொரு கெட்டிக்காரத்தனமும் செய்தார்கள். ஒப்பீட்டுக் கற்றையின் புள்ளியைப் பொருளுக்குப் பக்கத்திலேயே வைத்தார்கள். அப்படி வைத்தால் பட்டைகள் அகலமாக விழும். விடிகானின் மட்டமான பார்வைக்கும் அவை எட்டும். மீட்டெடுக்க ஒரே ஓர் ஃபூரியர் கணக்குப் போதும். கருவியின் ஏழ்மையைப் புரிந்துகொண்டு அதற்கேற்பச் சோதனையை வளைத்தது எனக்கு மிகவும் பிடித்த இடம்.

பிம்பம் வந்தது. கரடுமுரடானதுதான். ஆனால் அதற்கு முன் உலகில் எந்தப் பிம்பத்துக்கும் இல்லாத ஒரு குணம் அதற்கு இருந்தது. கணினியின் நினைவகத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் வீச்சு ஓர் எண், கட்டம் ஓர் எண் என இரண்டும் இருந்தன. கண் தொலைப்பதற்கு வழியே இல்லை, ஏனென்றால் இடையில் கண்ணே இல்லை.

அவர்கள் அச்சில் காட்டியது வெளிச்சப் படத்தை மட்டும்தான். கட்டம் நினைவகத்தில் இருந்தது, யாரும் கேட்கவில்லை.

●

அடுத்து என்ன நடந்தது? கால் நூற்றாண்டுக்கு மேல் பெரிதாக எதுவும் நடக்கவில்லை.

காரணம் கேட்டால் பலரும் கணினியின் வேகத்தைச் சொல்வார்கள். பாதிதான் சரி. தகட்டுக்கும் விடிகானுக்கும் நடுவே இருந்த பள்ளத்தைக் கொஞ்சம் எட்டிப் பாருங்கள்.

ஹாலோகிராம் தகட்டின் மேலுள்ள வெள்ளி உப்புத் துகள்கள் மிக நுண்ணியவை. மில்லிமீட்டருக்கு ஆயிரக்கணக்கில் கோடுகள் பதியும். குறைத்தே சொல்வோம், 1,000 கோடுகள். 10 சென்டிமீட்டர் சதுரத் தகட்டில் ஒரு பக்கத்துக்கு 1 லட்சம் கோடு. ஒரு கோட்டைப் பதிய இரண்டு புள்ளிகளாவது வேண்டும், எனவே பக்கத்துக்கு 2 லட்சம் புள்ளிகள். தகடு முழுவதுக்கும் 4,000 கோடி.

ஒரு பக்கம் 4,000 கோடி. மறுபக்கம் 65,536. தகட்டை வைத்துப் பொம்மை ரயில் காட்டிக்கொண்டிருந்தவர்கள், இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க என்ன இருந்தது?

சோவியத் ஒன்றியத்தில் ஒரு குழு விடாப்பிடியாக நின்றது. 1972-இல் க்ரோன்ராட், மெர்ஸ்லியாகோவ், யாரோஸ்லாவ்ஸ்கி மூவரும் ஹாலோகிராமைத் தகட்டிலேயே எடுத்து, அதைப் பெரிதாக்கி, புள்ளி புள்ளியாக எண்ணாக்கிக் கணினிக்கு ஊட்டினார்கள். கணக்கு முறையில் அவர்கள் போட்ட அடித்தளம் உறுதியானது. ஆனால் இருட்டறை திரும்பிவந்துவிட்டதே! ஒரு ஹாலோகிராமுக்கு அத்தனை பாடு என்றால், அசையும் உயிரை எப்படிப் பின்தொடர்வது?

விடை வேறு பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வில்லார்டு பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் சி.சி.டி. என்ற சிலிக்கான் சில்லை உருவாக்கினார்கள். அதன் மேல் விழும் ஒளி, சதுரம் சதுரமான கிணறுகளில் மின்னூட்டமாகத் தேங்கும். தேங்கியதை வரிசையாக அளந்து எண்ணாக்கிவிடலாம். வானியலாளர்கள் அதை முதலில் அணைத்துக்கொண்டார்கள். 1990-களின் தொடக்கத்தில் 10 லட்சம் பிக்சல் கொண்ட சி.சி.டி. காமிராவை ஓர் ஆய்வகம் விலைக்கு வாங்கி மேசையில் வைக்க முடிந்தது.

●

1994. ஜெர்மனியின் பிரெமன் நகரம்.

அங்கே 'பியாஸ்' என்ற ஆய்வு நிறுவனம் லேசரைக் கொண்டு பொருள்களைச் சோதிக்கும் வேலையில் இருந்தது. பளு ஏற்றினால் உலோகத் துண்டு எவ்வளவு வளைகிறது, எந்த இடத்தில் விரிசல் ஒளிந்திருக்கிறது என்று பார்க்கும் தொழிற்சாலைப் பணி. செல்லுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. உல்ஃப் ஷ்னார்ஸும் வெர்னர் யூப்ட்னரும் அங்கேதான் வேலை பார்த்தார்கள்.

அவர்கள் ஹாலோகிராம் எடுக்கத் தேர்ந்தெடுத்த பொருள், தாயக்கட்டை போல ஆறு முகமும் புள்ளிகளும் உள்ள ஒரு பகடை. அதைச் சி.சி.டி.யிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் தள்ளி வைத்தார்கள்.

ஏன் அவ்வளவு தூரம்? அந்தத் தூரத்தில்தான் இந்தக் கலையின் முழுச் சிரமமும் தெரிகிறது.

இரண்டு கற்றைகள் சந்திக்கும் கோணம் பெரிதாக ஆகப் பட்டைகள் நெருங்கும். அவர்களுடைய சி.சி.டி.யில் ஒரு பிக்சலின் அளவு 7 மைக்ரானுக்குச் சற்றே குறைவு. ஒரு பட்டைக்கு இரண்டு பிக்சலாவது வேண்டும் என்றால் கோணம் 3 பாகையைத் தொடவே கூடாது. மீறினால் பட்டைகள் பிக்சலுக்குள் கரைந்து காணாமல் போகும். லீத்தும் உபாட்னியக்ஸும் 30 பாகை, 40 பாகை என்று தாராளமாகச் சாய்த்தது தகட்டின் தயவில். இங்கே அந்த வசதி கிடையாது. ஆகவே பகடையை ஒரு மீட்டர் தள்ளினார்கள். அங்கிருந்து பார்த்தால் ஒரு சென்டிமீட்டர்ப் பொருள் அரைப் பாகை அகலம்தான்.

கணினித் திரையில் எழுந்த படத்தின் நடுவே ஒரு வெள்ளைச் சதுரம் கண்ணைக் கூசச் செய்தது. ஒப்பீட்டுக் கற்றை வளையாமல் நேராக வந்த மிச்சம் அது. ஒரு பக்கம் மங்கலாகக் கலைந்த இரட்டைப் பிம்பம். மறுபக்கம், தெளிவாக, புள்ளிகளோடு, அந்தப் பகடை.

தகடு முற்றிலும் விலகிப்போன ஹாலோகிராமில் நிஜமான ஒரு முப்பரிமாணப் பொருள் வந்து நின்றது இப்படித்தான். கணக்கில் தூரம் என்ற ஓர் எண்ணை மாற்றினால் குவியமும் மாறியது. காமிராவையோ லென்ஸையோ தொடத் தேவையில்லை. எடுத்த பிறகு, எத்தனை நாள் கழித்து வேண்டுமானாலும், எந்த ஆழத்தில் வேண்டுமானாலும் குவித்துப் பார்க்கலாம்.

தொழிற்சாலைக்காரர்களான அவர்கள் அடுத்து செய்ததுதான் நமக்கு முக்கியம். பொருளை அழுத்துவதற்கு முன் ஒன்று, அழுத்திய பின் ஒன்று என இரண்டு ஹாலோகிராம் எடுத்து, இரண்டின் கட்டத்தையும் கணினியிலேயே கழித்தார்கள். பட்டை எண்ணும் வேலை போயிற்று. கட்டம் எண்ணாகக் கைக்கு வந்தது. 1967-இல் யாரும் கேட்காமல் நினைவகத்தில் கிடந்த அந்த மறுபாதியை, கடைசியில் கேட்டவர்கள் இரும்பைச் சோதிப்பவர்கள்.

●

செல்லுக்கு வருவோம்.

சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில், கூட்டாட்சித் தொழில்நுட்பக் கல்லூரி. கிறிஸ்டியான் டெப்யூர்சாஞ்ஜ் அங்கே ஒளியியல் ஆய்வுக் குழு ஒன்றை நடத்தினார். அவரோடு எத்தியென் கூஷ் என்ற இளம் ஆய்வாளர். மருத்துவமும் இயற்பியலும் படித்த பியேர் மார்க்கே.

பிரெமன் பகடையை ஒரு மீட்டர் தள்ளி வைத்த அந்தக் கோணத் தொல்லை, நுண்ணோக்கியில் தானாகவே தீர்ந்துவிடுகிறது. 40 மடங்கு பெரிதாக்கும் ஒரு சாதாரண ஆப்ஜெக்டிவ் லென்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். செல்லிலிருந்து 40 பாகை வரை சாய்ந்து கிளம்பும் ஒளியை அது பிடித்துக்கொள்கிறது. மறுபக்கம் விடும்போது அதே ஒளியின் சாய்வு 1 பாகைகூட இல்லை. பொருளைப் பெரிதாக்கும் லென்ஸ் கோணத்தைச் சிறிதாக்குகிறது. சி.சி.டி.க்கு வேண்டியதும் அதுதான். எண்களால் ஆன ஹாலோகிராமுக்குப் பகடையைவிட, ரயிலைவிட, நுண்ணோக்கியே சொந்த வீடு.

வீட்டுக்குள் நுழைய ஒரு தடை இருந்தது. லென்ஸைக் கடந்து வரும் அலை வளைந்து வருகிறது. செல்லின் தாமதம் 200 நானோமீட்டர் என்றால், இந்த வளைவு அதைப்போலப் பல நூறு மடங்கு. கட்டப் படத்தைக் கணக்கிட்டுப் பார்த்தால் வட்ட வட்டமான பட்டைகள் மட்டுமே தெரியும். செல் அதற்குள் மூழ்கிவிடும்.

வழக்கமான வைத்தியம், ஒப்பீட்டுக் கற்றையின் பாதையிலும் அதே மாதிரி இன்னொரு லென்ஸ் வைப்பது. அதுவும் அதே அளவு வளைக்கும், இரண்டு வளைவும் கழிந்துபோகும். ஆனால் இரண்டு லென்ஸும் அச்சு அசலாக ஒத்துப்போக வேண்டும். ஒன்று மயிரிழை நகர்ந்தால் எல்லாம் போயிற்று.

லோசான் குழு இரண்டாவது லென்ஸை வாங்கவில்லை. அதைக் கணினியில் எழுதியது.

வளைவு என்பதும் எண்கள்தானே. மாதிரியில் தட்டையாக இருப்பதாகத் தெரிந்த ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டார்கள். செல் இல்லாத வெறும் கண்ணாடி போதும். அங்கே கட்டம் சமமாக இருந்தாக வேண்டும். சமமாக வரும்வரை கணக்கிலுள்ள வளைவின் எண்களையும் சாய்வின் எண்களையும் நகர்த்திக்கொண்டே போனார்கள். வட்டப் பட்டைகள் அகன்றுகொண்டே போய், ஒரு நிலையில் மறைந்து, தரை மட்டமாயிற்று. அந்தத் தரையின் மேல் மாதிரி எழுந்து நின்றது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கத்தான் வேண்டும். பிழையுள்ள லென்ஸோடு படத்தை எடு, முழுத் தகவலும் அதில் இருக்கட்டும், பிழையைப் பிறகு திருத்திக்கொள். 1947-இல் டென்னிஸ் மைதானத்தில் தோன்றியது இதுதானே! கேபர் ஒளியால் திருத்த நினைத்தார். இவர்கள் எண்ணால் திருத்தினார்கள். நோபல் மேடை ஏறிய ஹாலோகிராஃபியைவிட, லோசான் மேசையில் நடந்த இந்த வேலையே கேபரின் மூல யோசனைக்கு நெருக்கமானது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதைப் பார்க்க அவர் இல்லை. 1979-லேயே லண்டனில் காலமாகியிருந்தார்.

1999-இல் கூஷும் டெப்யூர்சாஞ்ஜும் கூட்டாளிகளும் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரே ஹாலோகிராமிலிருந்து இரண்டு படங்கள். ஒன்று வழக்கமான வெளிச்சப் படம். இன்னொன்று கட்டப் படம், ஒவ்வொரு பிக்சலிலும் ஓர் அளவோடு.

அளவு சரியா என்று எப்படி நம்புவது? அதையும் யோசித்திருந்தார்கள். மேடுபள்ளமுள்ள ஒரு பரப்பை ஹாலோகிராமால் அளந்தார்கள். பிறகு அதே பரப்பின் மேல், நுனி கூரான ஊசியை உரச விட்டு உயரம் அளக்கும் கருவியை ஓட்டினார்கள். ஊசி தொட்டு அளந்ததும் ஒளி தொடாமல் அளந்ததும் மிக நன்றாக ஒத்துப்போயின. ஊசி கோடு கோடாக ஊர்ந்து எடுக்கும் அளவை, ஹாலோகிராம் ஒரே நொடிப்பொழுதில் பரப்பு முழுவதுக்கும் எடுத்துவிட்டது.

இதே காலத்தில் கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரில் யூர்கன் க்ரோய்சரின் குழு, சாய்வெல்லாம் வேண்டாம், கேபரின் பழைய நேர்கோட்டு அமைப்பே போதும் என்று கிளம்பியது. லென்ஸே இல்லாமல், ஊசித் துளையும் சி.சி.டி.யும் கணினியும் மட்டும் வைத்து 2001-இல் உயிரியல் மாதிரிகளைப் படமெடுத்தது. அது தனி வாரத்துக்கான கதை.

●

உயிரற்ற பரப்பு ஆயிற்று. இனி உயிர்.

மார்க்கேயின் கண் நரம்புச் செல்கள் மேல் இருந்தது. சுண்டெலியின் மூளைப் புறணியிலிருந்து எடுத்து வளர்த்த செல்கள். 2005-இல் அந்தப் படங்கள் அச்சில் வந்தன. செல்லின் உடலும் அதிலிருந்து கிளம்பும் இழைகளும், மலை வரைபடம் போல உயர உயரமாக. சாயம் இல்லை. ஒட்டவைத்த மூலக்கூறு இல்லை. செல்லைத் தொட்டது பலவீனமான லேசர் ஒளி ஒன்றே. அலைநீளத்தைவிட மிகச் சிறிய தாமதங்கள்கூட எண்ணாக வந்தன. செர்னிக்கேயின் முறையில் எடுத்த படத்தையும் பக்கத்திலேயே வைத்து ஒப்பிட்டுக் காட்டினார்கள். அது காட்டியது, இது அளந்தது.

எல்லாம் சுபம் என்று இங்கே முடித்திருக்கலாம். அதே குழுவில் இருந்த பெஞ்சமின் ராப்பாஸும் மற்றவர்களும் அடுத்து ஒரு சோதனை செய்தார்கள்.

பள்ளிப் பாடத்தில் எல்லோரும் படித்த சவ்வூடு பரவல்தான். செல்லைச் சுற்றியுள்ள கரைசலின் உப்புச் செறிவைக் குறைத்தால் நீர் செல்லுக்குள் பாயும். செல் வீங்கும். வீங்கினால் தடிமன் கூடும். தடிமன் கூடினால் ஒளிக்குத் தாமதமும் கூட வேண்டும். கட்டப் படத்தில் அந்த மலை இன்னும் உயர வேண்டும்.

கரைசலை மாற்றினார்கள்.

மலை தாழ்ந்தது.

தாமதம் கூடவில்லை, குறைந்தது. படத்தை அப்படியே நம்பினால், வீங்க வேண்டிய செல் மெலிந்திருக்கிறது. நூறாண்டுகளாக உயிரியல் சொல்லிவரும் ஒன்றை, புதிதாக வந்த ஒரு கருவி மறுக்கிறதா?

சற்று முன் நாம் போட்ட கணக்கைத் திரும்பப் பாருங்கள். 5 மைக்ரான் தடிமன், 0.04 வித்தியாசம், விடை 200 நானோமீட்டர். இப்போது 4 மைக்ரான் தடிமனும் 0.05 வித்தியாசமும் வைத்துப் பெருக்குங்கள். அதே 200. செல்லின் வடிவம் வேறு, உள்ளடக்கம் வேறு, கருவி சொல்லும் எண் ஒன்றே.

ஒரு தாமதத்துக்குள் இரண்டு ரகசியங்கள் பின்னிக் கிடக்கின்றன. செல் எவ்வளவு தடிமன்? அதற்குள் இருக்கும் சரக்கு எவ்வளவு அடர்த்தி? அரை நூற்றாண்டு போராடிக் கைப்பற்றிய கட்டம், இரண்டையும் பெருக்கி ஒரே எண்ணாக நீட்டுகிறது. ஊசியைக் கொண்டு தடிமனைத் தனியே அளக்கலாம் என்றால், உயிரற்ற பரப்பின் மேல் ஓடிய ஊசி உயிருள்ள நரம்புச் செல்லின் மேல் ஓடினால் அது பிழைக்குமா?

செல்லைத் தொடக் கூடாது. கொல்லக் கூடாது. அது மாறிக்கொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும். ஓர் எண்ணிலிருந்து இரண்டு விடைகளைப் பிரித்தெடுக்க வேண்டும்.

மூன்றாம் வகுப்புக் கணக்கிலேயே இது முடியாது என்பார்களே. லோசான் குழு எப்படிப் பிரித்தது?

(தொடரும்)